அமைச்சரின் வலது கை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஈரோடு மாவட்டத்தில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்து, ஆப்பிரிக்காவின் தாகம் தீர்த்த ‘கடல் கடந்த நீர்ச் செம்மல்’ நஞ்சுண்டன் அவர்களை ஒரு நாட்டின் பாராளுமன்றமே பெயர் சொல்லி அழைத்திருக்கிறது. சான் ரமோன் பள்ளத்தாக்குத் தமிழ் மன்றத்தின் வரலாற்றில் இப்பேர்ப்பட்ட பெருமை இதுவரை எந்த உறுப்பினருக்கும் வாய்த்ததில்லை.

அழைப்பு வந்த நேரத்தில் செம்மல் அவர்கள் மாடிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, குழாயை முழுதாகத் திறந்துவிட்டிருந்தார். அழுகிற சத்தம் கீழே கேட்கக் கூடாது என்பதற்காக.

“ஏனுங்க,” என்று மாடிப்படியின் அடியிலிருந்து அவன் மனைவி புஷ்பவல்லி கூப்பிட்டாள். “உள்ள என்ன பண்றீங்க? தண்ணி பாட்டுக்குப் போயிட்டிருக்குது. போன பில்லையே இன்னும் மறக்கல நானு.”

நஞ்சுண்டன் குழாயை மூடினான். மூக்கைச் சிந்தினான். மறுபடியும் திறந்தான்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மகள் யாமினி போனிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்: “அப்பா, வொய் ஆர் யூ ஆன் ஆப்பிரிக்கன் டிவி?”

போனில் ஒரு பெரிய மண்டபம். வரிசையாக மர நாற்காலிகள், நாற்காலிகளில் பாராளுமன்ற உறுப்பினர்கள். நடுவில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவர் தண்ணீர்த் திட்டத்தின் கணக்கை விசாரிக்கும் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். சுவரில் ஒரு திரை. திரையில், தெர்மகோல் கரும்புக்கு நடுவில், சரிகைப் பொன்னாடை போர்த்தியபடி மைக்கைப் பிடித்துக்கொண்டு நஞ்சுண்டன். அவனுக்குப் பக்கத்தில், அதே மாதிரிப் பொன்னாடையில், அந்த நாட்டின் நீர்வளத் துறை அமைச்சர் முகெம்பே.

“மாண்புமிகு அமைச்சர் அவர்கள் அந்நாட்டின் கண் என்றால், அந்தக் கண்ணுக்கு இமை நான். அவர் நினைப்பார், நான் முடிப்பேன். அமைச்சரின் வலது கை நான். என்னைக் கேட்காமல் அங்கே ஒரு குழாயும் திறக்காது.”

இவ்வளவும் இங்கிலீஷில், வரி வரியாக, திரையின் அடியில் ஓடியது. தலைவர் அம்மாள் கையை உயர்த்திப் படத்தை நிறுத்தினார். “இந்த வலது கை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். கலிபோர்னியாவில் இருப்பதாக ஒருவர் சொன்னார். “வரவழையுங்கள்,” என்றார் அம்மாள்.

தமிழ் மேடையில் பேசப்படுவதை எந்தத் தமிழனும் நம்புவதில்லை. பேசுகிறவனும் அதை எதிர்பார்ப்பதில்லை. போன பொங்கல் விழாவில் நஞ்சுண்டன் இமையாகவும் கையாகவும் மாறிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட அரங்கில் இருந்த அத்தனை பேருடைய கவலையும் பின்வாசலில் வெண்பொங்கல் தீர்ந்துவிடுமோ என்பதுதான். அமைச்சர் முகெம்பே சான் பிரான்சிஸ்கோவில் ஏதோ மாநாட்டுக்கு வந்தவர். மன்றத் தலைவர் கஸ்தூரிரங்கன் அவரைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். வந்த விருந்தாளிக்குப் பொன்னாடை. பொன்னாடை போட்டால் பட்டம். பட்டம் கொடுத்தால் உரை. இது எங்கும் உள்ள முறை. அமைச்சர் இரண்டு வடை தின்றுவிட்டு, யாரோடு படம் எடுத்துக்கொண்டோம் என்றே தெரியாமல் கிளம்பிப் போனார். அந்த நாட்டில் மேடைத் தமிழை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷாக்க ஓர் ஆள் கிடைப்பார் என்று யார் கண்டது?

உண்மையில் நஞ்சுண்டன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சான் ரமோன் ஆபீஸ் பார்க்கில், தண்ணீர் மீட்டர்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் டாஷ்போர்டு பார்க்கிறவன். அந்த நாட்டில் கிவுண்டோ என்றொரு ஊர். அங்கே தெருவுக்குத் தெரு குழாய் வைத்து, குழாய்க்கு மீட்டர் வைத்து, முன்பணம் கட்டிய வில்லையைக் காட்டினால் தண்ணீர் வரும் என்று ஏற்பாடு. எத்தனை லிட்டர் போனதோ அத்தனைக்கு அரசாங்கம் கம்பெனிக்கும், அமைச்சரின் மைத்துனர் நடத்தும் பம்பு நிறுவனத்துக்கும் பணம் தரும். லிட்டர் ஓடினால் திரையில் பச்சை. ஓடாவிட்டால் சிவப்பு. பச்சை பச்சையாகத் தெரிகிறதா என்று பார்ப்பது நஞ்சுண்டன் வேலை. லிங்க்டினில் அவனே இதை ‘கிழக்கு ஆப்பிரிக்க நீர்ப் புரட்சியின் முதன்மைத் தலைவர்’ என்று எழுதி வைத்திருந்தான்.

புஷ்பவல்லி மாடியேறி வந்து குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“கீழ வாங்க. கிரைண்டர் போட்டிருக்கறேன்.”

அந்த வீட்டில் அது ஒரு சங்கேதம். போன் ஒட்டுக் கேட்கிறது, டிவி ஒட்டுக் கேட்கிறது, சமையலறை மூலையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பேசும் பெட்டி எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்கிறது என்பது புஷ்பவல்லியின் தீர்மானம். கோயம்புத்தூரிலிருந்து கொண்டு வந்த கிரைண்டரை, கரண்டு மாற்றும் கனத்த பெட்டியோடு சேர்த்து ஓடவிட்டால், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. வீசா, வீட்டுக் கடன், மாமியார் ஆகிய விஷயங்கள் அங்கேதான் பேசப்படும்.

“சொல்லுங்க,” என்றாள், மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே. “புடிச்சுட்டுப் போயிருவாங்களா?”

“தெரியல அம்மிணி. வெளிநாட்டு மந்திரிக்கு லஞ்சம் குடுத்தா இங்கயே கேஸ் போடுவாங்க.”

“நீங்க குடுத்தீங்களா?”

“நான் எதுக்குக் குடுக்கறேன்? அந்தாளு என்னை ரெண்டு தடவதான் பாத்திருக்கறாரு. ஒரு தடவ போட்டோவுக்கு, ஒரு தடவ மேடையில.”

“அப்பறம் எதுக்குங்க வலது கைன்னீங்க?”

நஞ்சுண்டன் கிரைண்டரைப் பார்த்தான். “கை தட்டுனாங்க. ஒரு வேகத்துல வந்துருச்சு.”

“வேகத்துல வந்துருச்சு,” என்றாள் புஷ்பவல்லி. “பதிமூணு வருஷமா கிரீன் கார்டுக்கு வரிசையில நிக்கறோம். நம்ம வீசாவே உங்க வேலையிலதான் நிக்குது, உங்களுக்கு வேலை போச்சுன்னா என்ற டேகேர் வேலையும் போச்சு. ரெண்டே மாசத்துல மூட்டையக் கட்டோணும். அந்தப் புள்ள இங்கயே பொறந்தவ, அவளுக்கு மட்டும் பாஸ்போர்ட்டு இருக்குது. அவள யாரு ஊட்ல விட்டுப்போட்டுப் போறது? கஸ்தூரிரங்கன் அங்கிள் ஊட்லயா?”

“கம்முனு இரு புஷ்பா.”

“கம்முனு இருந்தா ஆச்சா? உளுந்து எடுங்க, இன்னொரு ஈடு போடறேன். பேச இன்னும் இருக்குது.”

அன்று மூன்று ஈடு ஓடியது.

திங்கட்கிழமை கம்பெனி வக்கீல் ப்ராண்டன் திரையில் வந்தார். சிரித்த முகம். பின்னால் ஒரு நாய்க்குட்டியின் படம். சிரித்த முகத்தோடுதான், “நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல, இது உங்களுக்குப் புரிகிறது அல்லவா?” என்று ஆரம்பித்தார். எதையும் அழிக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, லிங்க்டினைத் தொடக் கூடாது. வியாழக்கிழமை குழுவின் முன்னால் காணொளியில் நஞ்சுண்டன் வர வேண்டும். வராவிட்டால் ஒளிப்பதாக நினைப்பார்கள். வந்து ஒரே ஒரு விஷயத்தைப் புரியவைத்தால் போதும்.

“எதைப் புரியவைக்க வேண்டும்?”

“நீங்கள் ரொம்பச் சின்ன ஆள் என்பதை,” என்றார் ப்ராண்டன் அன்பாக. “அது உண்மைதானே?”

பதினெட்டு வருட அனுபவமுள்ள நஞ்சுண்டன், உண்மைதான் என்றான். அந்த வருடத்தின் மதிப்பீட்டுக் கூட்டத்தில் இதே கம்பெனியிடம் இதற்கு நேர் எதிரானதை நிரூபிக்க அவன் நாற்பது பக்கம் தயாரித்து வைத்திருந்தான்.

செவ்வாய் காலை வாசலில் மணி அடித்தது. வாசல் கேமராவில் நீலச் சட்டை, இடுப்பில் அடையாள அட்டை, கையில் ஓர் அட்டைப் பலகையோடு ஓர் ஆள். தெருவோரம் வெள்ளை வண்டி. நஞ்சுண்டன் காபி டம்ளரோடு துணி அலமாரிக்குள் போய் நின்றுகொண்டான். புஷ்பவல்லிக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. டேகேரில் வாந்தியெடுக்கும் குழந்தைகளைச் சமாளிக்கிற அதே குரலில், உள்ளிருந்தே, “எஸ்?” என்றாள்.

தண்ணீர் வாரியத்து ஆள். வாசல் புல்வெளியில் தண்ணீர் பீச்சும் குழாயொன்று உடைந்து இரண்டு நாளாக நடைபாதையில் ஓடுகிறது, பக்கத்து வீட்டார் புகார் செய்திருக்கிறார்கள், தண்ணீரை வீணாக்குவது குற்றம் என்று சொல்லி, கதவில் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டுப் போனார்.

“வாங்க வெளிய,” என்றாள் அலமாரியைத் திறந்து. “ஆப்பிரிக்கா கேஸ் இல்லீங்க. நம்ம ஊட்டுக் கேஸு.”

சாயங்காலம் கஸ்தூரிரங்கன் வந்தார். ரிடையரான எஞ்சினீயர், மன்றத் தலைவராக அசையாமல் இருப்பவர். காலணியைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்தினார்.

“நஞ்சுண்டன், ஒண்ணும் கவலைப்படாதீங்கோ. அந்த வீடியோவை நம்ம சேனல்லேர்ந்து டெலிட் பண்ணிட்டேன்.”

நஞ்சுண்டன் சோபாவில் உட்கார்ந்தான். “எப்பங்க?”

“இப்பத்தான். கிளம்பறதுக்கு முன்னாடி.”

“எதையும் அழிக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காருங்க. அழிச்சா அதுவே தனிக் கேஸுங்க.”

கஸ்தூரிரங்கனின் முகம் வெளுத்தது. “ஓ. அப்போ அன்டெலிட் பண்ணிடலாமோ?”

“அங்கிள், இப்படி வாங்க,” என்றாள் புஷ்பவல்லி. இரண்டு பேரையும் சமையலறைக்குக் கூட்டிப் போய், கிரைண்டரைப் போட்டாள்.

“என்னம்மா இது, இந்த நேரத்துல மாவு?”

“பேசுங்க. இப்பப் பேசலாம்.”

“அதாவது, நம்ம மன்றம் டாக்ஸ் எக்ஸெம்ப்ட். வரி கட்டாத தர்ம ஸ்தாபனம். ஃபாரின் மினிஸ்டருக்குப் பொன்னாடை போட்டது கிஃப்ட்டுன்னு யாராவது கிளப்பினா என் பேர்தான் வரும். ஆறாயிரம் சதுர அடி வீடும்மா எனக்கு.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நஞ்சுண்டன், நீங்க என்ன பண்றேள், மன்றம்னே வாயைத் திறக்காதீங்கோ. உங்க சொந்த முயற்சியில பேசினேன்னு சொல்லிடுங்கோ.”

“கண்ணு, இமை எல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததுங்க. நான் அனுப்புனதுல ‘திட்டத்தில் பணிபுரிந்தேன்’னுதான் இருந்துது. மேடைக்கு வெயிட்டு பத்தாதுன்னு சொன்னது நீங்க.”

“நான் இமையோட நிறுத்தினேன். வலது கை நான் எழுதலை.”

“அது இவரு சொந்தமாப் போட்டதுங்க,” என்றாள் புஷ்பவல்லி. “அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

கஸ்தூரிரங்கனின் கண்ணில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

“ஒண்ணு பண்ணலாம். நம்ம கலாச்சாரத்துல புகழுரைன்னா என்ன, அதை எப்படி எடுத்துக்கணும்னு கமிட்டிக்கு எக்ஸ்ப்ளெய்ன் பண்ண ஒரு எக்ஸ்பர்ட் வேண்டாமா? நான் ஜாயின் பண்ணட்டுமா? சங்க காலத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒரு இருபது நிமிஷம். லைவ்தானே, உலகமே பார்க்கும் இல்லையா?”

“அங்கிள்.”

“என்னம்மா?”

“கம்முனு காப்பியக் குடிங்க. போகும்போது ரெண்டு டப்பா மாவு எடுத்துட்டுப் போங்க. பிரிட்ஜுல இடமில்ல.”

புதன்கிழமை பகலில் ப்ராண்டன் ஒத்திகை பார்த்தார். சுவர் வெறுமையாக இருக்க வேண்டும் என்றார். நஞ்சுண்டன் பின்னால் மாட்டியிருந்த ‘நீர்ச் செம்மல்’ கேடயத்தைக் கழற்றினான். ஆணி வரவில்லை. அவன் தலைக்கு மேல் அது துருத்திக்கொண்டு நின்றது.

அன்று சாயங்காலம் அவனாகவே அரிசியை எடுத்துக் கிரைண்டரில் போட்டான். புஷ்பவல்லி வேலையிலிருந்து வந்து பையைக்கூட வைக்கவில்லை.

“இன்னும் என்னங்க?”

“ஒண்ணு சொல்லோணும்.” அவன் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுவிட்சைத் தட்டினான். சத்தம் நிரம்பியது. “அந்த ஊருக்கு நான் ஒரு வாரம் போயிருந்தனல்ல?”

“ஆமா. வயித்தால போயி மெலிஞ்சு வந்தீங்களே.”

“ஒரு நாளு குழாய்க்கிட்ட நின்னேன். ஒரு பொம்பள, உன்ற வயசுதான் இருக்கும். மஞ்சள் கேனை அடியில வெச்சுட்டு வில்லையக் காட்டுச்சு. மீட்டரு ஓடுது. குழாயில சொய்ங்குன்னு சத்தம். கேனுல ஒண்ணும் உழுகல. வில்லையில காசு தீந்துருச்சு. மீட்டரு நின்னுருச்சு. கேனு காலி.”

புஷ்பவல்லிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆழ்குழாயில் தண்ணீர் கீழே போன பிறகு மோட்டார் என்ன சத்தம் போடும் என்று தெரியும்.

“காத்து,” என்றாள்.

“காத்துதான். காத்து வந்தாலும் மீட்டரு சுத்தும். தண்ணியவிட வேகமாச் சுத்தும். நமக்கு எல்லாம் பச்சையாத் தெரியும். அங்க பம்பே கெடையாது புஷ்பா. மந்திரியோட மைத்துனன் பம்பு வாங்கவே இல்ல. மேட்டுல இருக்கற பழைய தொட்டியில கொஞ்சம் தண்ணி. அது குழாய்க்கு எறங்கறதுக்குள்ள உள்ள இருக்கற காத்துக்கெல்லாம் அந்தச் சனங்க காசு கட்டுது. அந்தக் காத்துக்குத்தான் கெவுருமென்ட்டு நம்ம கம்பெனிக்கும் கட்டுது.”

“நீங்க சொன்னீங்களா யாருகிட்டயாச்சும்?”

“மேனேஜர்கிட்ட சொன்னேன். அது நம்ம வேலையில சேராது, இப்போதைக்கு ஓரமாப் பார்க் பண்ணி வைங்கன்னாரு.”

“பார்க் பண்ணிட்டீங்க.”

“பண்ணிட்டேன்.”

புஷ்பவல்லி மாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அரைந்தது போதும். ஆனால் அவள் சுவிட்சை அணைக்கவில்லை.

“அந்தப் பொம்பள என்ன பண்ணுச்சு?”

“எதுக்கு?”

“காலிக் கேனை வெச்சுட்டு என்ன பண்ணுச்சு?”

“என்னையப் பாத்துச்சு,” என்றான் நஞ்சுண்டன். “கழுத்துல கம்பெனி அட்டை இருந்துது எனக்கு. அதையப் பாத்துச்சு. அப்பறம் போயிருச்சு.”

“நாளைக்கு இதையக் கேட்டா என்ன சொல்வீங்க?”

“சொன்னா வேலை போயிரும். எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு என்ற தலையிலயே கட்டிப்போடுவாங்க.”

“சொல்லாட்டி?”

அவன் மாவைத் தள்ளிவிட ஆரம்பித்தான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காகப் பின்னால் அவள் தன்னைத் திட்டிக்கொண்டாளா என்றால், தெரியாது. அப்போது அவள் மனதில் ஓடியதெல்லாம் யாமினியின் பள்ளிக்கூடம்தான்.

வியாழன் காலை மலைச்சரிவெல்லாம் பனிமூட்டம். அங்கே சாயங்கால அமர்வு, இங்கே விடிகிற நேரம். நஞ்சுண்டன் மேலே கோட்டும் டையும், கீழே லுங்கியுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். கேமராவில் படாதபடி புஷ்பவல்லி தரையில் உட்கார்ந்து, அவனுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். நடுங்கினால் மேசை ஆடும் என்பதற்காக.

தலைவர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உறுதிமொழி வாங்கினார்கள்.

“நீங்கள்தான் வலது கையா?”

“மேடம், அது ஒரு மரியாதைப் பேச்சு.”

“அப்படியென்றால் பொய்.”

“பொய் இல்லை, மேடம்.”

“உண்மையா?”

“உண்மையும் இல்லை, மேடம்.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு நஞ்சுண்டனுக்குத் தைரியம் கொடுத்தது. மைக்கும் கூட்டமும் இருந்தால் அவனுக்கு ஏதோ ஆகிவிடும். “மேடம், நான் சாதாரண ஆள். நான் ஒன்றுமே இல்லை. பெரிய இயந்திரத்தில் ஒரு திருகாணிகூட இல்லை, திருகாணியில் ஒட்டிய தூசி. அமைச்சர் அவர்கள் மலை என்றால் நான் மலையடிவாரத்தில்கூட இல்லை. என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை. நான் இருக்கிறேனா என்பதே பல நாள் என் மேனேஜருக்குத் தெரியாது—”

“போதும்,” என்றார் தலைவர் அம்மாள். “இதையும் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா?”

அமைச்சர் முகெம்பேயைக் கேட்டார்கள். இந்த மனிதரை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பொன்னாடை? நினைவில்லை. நடுவில் ஓட்டையுள்ள ஏதோ பலகாரம் தின்றதாக மட்டும் ஞாபகம், நன்றாக இருந்தது என்றார். நஞ்சுண்டனின் வாழ்க்கையில் அவனைப் பற்றி இவ்வளவு நிம்மதியான வார்த்தையை வேறு எந்தப் பெரிய மனிதரும் சொன்னதில்லை. தரையில் புஷ்பவல்லி மூச்சு விட்டாள்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கிழவர் கையைத் தூக்கினார். கிவுண்டோ தொகுதியின் உறுப்பினர். தொளதொள கோட்டு. குரல் உயரவே இல்லை.

“மிஸ்டர் நஞ்சுண்டன், எனக்கு ஒரே ஒரு கேள்வி. மீட்டர் ஓடும்போது குழாயில் தண்ணீர் இருந்ததா?”

திரையின் ஓரத்தில் ப்ராண்டன் அனுப்பிய வாசகம் வந்து நின்றது. நஞ்சுண்டன் அதை வாசித்தான்.

“அதைத் தீர்மானிக்கும் நிலையில் நான் இல்லை, சார்.”

“நீங்கள் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். என்ன கேட்டது?”

புஷ்பவல்லி அவன் கணுக்காலை இறுக்கினாள். சொல்லச் சொல்கிறாளா, சொல்ல வேண்டாம் என்கிறாளா என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை. மாடிப்படியின் நடுவில் யாமினி பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றிருந்தாள். பின்சுவரில் ஆணி. ப்ராண்டனின் வாசகம் இரண்டாம் தடவையாக வந்தது, இம்முறை பெரிய எழுத்தில்.

“ரொம்ப நாள் ஆகிவிட்டது, சார். எனக்கு ஞாபகமில்லை.”

கிழவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. “நன்றி,” என்றார். கிவுண்டோவில் காலிக் கேனோடு நின்றவள் பார்த்த பார்வை நஞ்சுண்டனுக்கு நினைவு வந்தது. இந்தச் சாட்சியால் குழுவுக்குப் பயன் ஒன்றுமில்லை என்று பதிவு செய்துகொண்டு, தலைவர் அம்மாள் அவனை விடுவித்தார்.

திரை அணைந்தது. ப்ராண்டன் ஒரு கட்டை விரல் படம் அனுப்பினார். புஷ்பவல்லி மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கால் மரத்துப்போனதால் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது.”

“தோசை ஊத்தட்டுங்களா?”

யாமினி இறங்கி வந்தாள். தட்டில் வைத்த தோசையைத் தொடவில்லை. மூன்று நாள் மாவு, புளித்துப் போயிருந்தது.

“சோ யூ ஆர் நோபடி,” என்றாள்.

“ஆமா கண்ணு. சாப்பிடு.”

“பட் யூ ஹெர்ட் தி ஏர். யூ டோல்ட் அம்மா.”

இரண்டு பேரும் கிரைண்டரைப் பார்த்தார்கள்.

“தட் திங் இஸ் நாட் தட் லவுட், அப்பா,” என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். உடைந்த குழாயிலிருந்து நடைபாதையில் ஓடிய தண்ணீரைத் தாண்டாமல், அதிலேயே மிதித்துக்கொண்டு நடந்தாள். நஞ்சுண்டன் சன்னல் திரையை விலக்கி, தெருவில் வெள்ளை வண்டி ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தான். நிற்கவில்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தான். அதன் பிறகு வெகு நாளைக்கு, ஒவ்வொரு காலையும் பார்த்தான்.

மற்றவை எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. கம்பெனி அவனை வேலையில் வைத்துக்கொண்டது. பச்சை அட்டை வந்தது. புஷ்பவல்லி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். புல்வெளிக் குழாயைச் சரி செய்தார்கள். அமைச்சர் முகெம்பே மின்சாரத் துறைக்கு மாற்றப்பட்டார், அது இன்னும் பெரிய துறை. அடுத்த பொங்கலில், அந்நிய நாட்டு விசாரணையை அஞ்சாமல் எதிர்கொண்டமைக்காக நஞ்சுண்டனுக்குக் கஸ்தூரிரங்கன் மீண்டும் பொன்னாடை போர்த்தி, ‘எளிமையின் சிகரம்’ என்று பட்டம் கொடுத்தார். யாமினி வரவில்லை, தலைவலி என்றாள். புதுக் கேடயத்தை மாட்டப் பழைய ஆணியே போதுமாயிருந்தது.

கிவுண்டோவில் மீட்டர் ஓடுகிறது. தண்ணீர் இன்னும் வரவில்லை.